கரையைக் காப்போர் யார்?

(அருப்புக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வேதக்காரருக்கு அரசியல் மேடையில் என்ன வேலை?" என்று கேட்போர் இரு வகையினர். கோயிலுக்குள் இருந்து கேட்போர் ஒரு வகையினர். கோயிலுக்கு வெளியே நின்று கேட்போர் மற்றொரு வகையினர். உள்ளே இருப்பவர் கூறுகிறார்: "ஆண்டவர் நமக்கு உண்டு, ஆள்வோர் எவராயிருந்தால் என்ன? செபிப்போம், பள்ளி நடத்துவோம், மருத்துவம் பார்ப்போம், அமைதியாய் வாழ்வோம்." வெளியே இருப்பவர் கூறுகிறார்: "மதமும் அரசியலும் கலந்தால் நாடு கெடும் என்று முழங்குகிற நாமே, விசுவாசம் பேசுகிறவரை மேடையேற்றலாமா?"

இருவரும் நல்லவர்களே. இருவர் கேள்வியும் நியாயமான கேள்வியே. ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணந்தான் இருக்கிறது. நம்பிக்கை என்பது தன் கூட்டத்தைக் காத்துக்கொள்ளும் வேலி என்ற எண்ணம் அது. அந்த எண்ணம் சரியன்று என்பதைச் சொல்லவே வேதக்காரனாகிய நான் இன்று இங்கு நிற்கிறேன்.

வானம் பார்த்த பூமி இது. குண்டாற்றில் வெள்ளம் வரும் நாளை எண்ணி ஆண்டைக் கழிக்கும் மக்கள் நாம். கரிசலில் பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள். நமக்குக் கண்மாய் என்றால் என்னவென்று எவரும் வந்து விளக்க வேண்டியதில்லை. கண்மாய்க்குக் கரை உண்டு, மடை உண்டு, கலுங்கு உண்டு. கரை ஊராருக்குப் பொது. தண்ணீர் நிறைந்து நிற்கும் இரவில், கரையின் ஓர் ஓரத்தில் நண்டு வளை ஒன்று கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அது கீழ்மடைக்காரன் பக்கம், என் வயல் மேல்மடையில் இருக்கிறது" என்று எவனாவது போர்த்திக்கொண்டு படுப்பானா? படுத்தால் விடிவதற்குள் கீழ்மடையும் போகும், மேல்மடையும் போகும். ஆகவேதான் நம் முன்னோர் குடிமராமத்து என்ற முறையை வைத்தார்கள். வீட்டுக்கு ஓராள் வந்தாக வேண்டும். என்ன சாமி கும்பிடுகிறாய் என்று மண்வெட்டியைக் கொடுக்கும்போது கேட்பதில்லை.

தோழர்களே! மக்களாட்சி இத்தகைய கரை. சட்டம், நீதிமன்றம், பத்திரிகை, வாக்குச் சீட்டு ஆகிய இவையெல்லாம் சேர்த்து அணைத்த மண்தான் அந்தக் கரை. அது உடையும்போது நடுவில் உடைவதில்லை. எவரும் கவனியாத ஓரத்தில், எளியவன் பக்கத்தில், முதலில் கசிகிறது.

இதை உணர்த்த விவிலியத்தில் ஒரு வரலாறு உண்டு. கோயிலுக்குப் போகாத தோழர்களும் அதை அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அது ஒரு நிலத்தின் கதை. ஆகாபு என்ற அரசன் இருந்தான். அவன் அரண்மனைக்கு அருகே நாபோத்து என்ற குடியானவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது. கீரைத்தோட்டம் போட அந்த இடம் வேண்டும் என்றான் அரசன். வேறு தோட்டம் தருகிறேன், இல்லையேல் விலை தருகிறேன் என்றான். பாட்டன் பூட்டன் வழி வந்த நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்றான் நாபோத்து. அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்ணாமல் படுத்துவிட்டான்.

பின்பு நடந்ததைக் கவனியுங்கள். அரசி யேசபேல் ஆள் அனுப்பி இரவோடிரவாக நாபோத்தைக் கொல்லவில்லை. அவள் அறிவாளி. அரசன் பெயரால் கடிதம் எழுதினாள். அரச முத்திரையை இட்டாள். ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். நோன்பு அறிவிக்கச் சொன்னாள். சபை கூடிற்று. இரண்டு பொய்ச் சாட்சிகள் எழுந்தனர். கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று குற்றம் சாட்டினர். தீர்ப்பு ஆயிற்று. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றனர். அரசன் எழுந்து தோட்டத்தைக் கைப்பற்றப் போனான்.

முத்திரை இருந்தது, சபை இருந்தது, சாட்சி இருந்தது, தீர்ப்பும் இருந்தது. முறை ஒன்றும் குறையவில்லை. நீதி மட்டும் இல்லை. போர்வையாக என்ன இருந்தது? நோன்பு! பக்தி! குற்றச்சாட்டு என்ன? தெய்வ நிந்தனையும் அரச நிந்தனையும் சேர்த்துக் கட்டிய குற்றச்சாட்டு! மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவது என்பது இதுதான். அதை எதிர்த்து அரசன் முகத்துக்கு நேரே நின்று கேட்டாரே எலியா என்ற இறைவாக்கினர், அவர் செய்தது மதத்தை அரசியலில் கலப்பதா? அன்று, மனச்சாட்சி அதிகாரத்தைக் கேள்வி கேட்டது. இந்த இரண்டையும் ஒன்றென மயங்குவோர்க்கு நாம் விளக்க வேண்டும்.

அக்கதையில் என் உள்ளத்தை உறுத்துவது அரசியின் சூழ்ச்சியன்று. அந்த ஊர்ப் பெரியவர்களின் மௌனம். அவர்கள் நாபோத்தின் அண்டை வீட்டார். அவன் உத்தமன் என்பது அவர்களுக்குத் தெரியும். கடிதம் வந்தது, கீழ்ப்படிந்தார்கள். ஒருவர், ஒரே ஒருவர், "இது பொய்" என்று எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் நாட்டிலும் முத்திரை இட்ட கடிதம் வந்தது உண்டு. 1975-ஆம் ஆண்டு சூன் திங்கள் 25-ஆம் நாள் இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் அது தெரிவிக்கப்பட்டது. தில்லிப் பத்திரிகைகளின் அச்சகங்களுக்கு அவ்விரவே மின்சாரம் நின்றது. தலைவர்கள் சிறைப்பட்டனர். எழுதும் எழுத்துக்குத் தணிக்கை வந்தது. தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 1976 சனவரி 31-இல் கலைக்கப்பட்டது. மிசா என்ற சொல் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த சொல்லாயிற்று. 1976 ஏப்பிரல் 28-இல் உச்சநீதிமன்றம், காரணமின்றிக் காவலில் வைக்கப்பட்டவன் நீதிமன்றத்தை நாட உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. ஐவரில் நால்வர் அப்படிக் கூறினர். எச். ஆர். கன்னா என்ற ஒரே நீதிபதி மறுத்து எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிட்டாமல் போயிற்று. அவர் பதவி விலகினார். 41 ஆண்டுகள் கழித்து 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த நால்வர் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. மறுத்த ஒருவர் பக்கமே நீதி இருந்தது என்பது நிலைநாட்டப்பட்டது. ஒருவர் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று கேட்டோமே, இதுதான் ஆகும். உடனே வெற்றி வருவதில்லை. ஆனால் உண்மை மறைந்துபோவதில்லை.

அந்நாளில் திருச்சபைகள் என்ன செய்தன? பெரும்பாலான சபைத் தலைமைகள் வாய் திறக்கவில்லை என்பதே வரலாறு. ஆள்வோருக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று பவுல் எழுதியதை எடுத்துக்காட்டினோர் உண்டு. ஆனால் மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே தகும் என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று உரைத்ததும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. அதை மறவாதவரும் இருந்தனர். மார்த்தோமா திருச்சபையின் தலைவராயிருந்த யூகானோன் மார்த்தோமா, சிறைப்பட்டவர்களை விடுவிக்கவும் பத்திரிகைகளின் உரிமையை மீட்கவும் வேண்டிப் பிரதமர் இந்திரா காந்திக்கு நேரே கடிதம் எழுதினார். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் நடுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய எம். எம். தாமஸ், தணிக்கைக் காலத்தில் இடைவிடாது எழுதினார். அவ்வெழுத்துக்கள் பின்னர் 1979-இல் நூலாயின.

நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் நீங்கிற்று. தமிழ்நாட்டில் அதன் பின்னும் மூன்று திங்கள் தேர்ந்தெடுத்த அரசில்லை. 1977 சூனில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அத்தேர்தலில் இந்த அருப்புக்கோட்டைத் தொகுதி தேர்ந்தெடுத்தவர் எம்.ஜி.ஆர். சூன் 30-இல் அவர் முதலமைச்சரானார். கட்சிக் கணக்கை இங்கே நான் பேசவில்லை. பதினேழு திங்களாகத் தில்லியிலிருந்து ஆளப்பட்ட மாநிலத்துக்கு மீண்டும் ஒரு முதலமைச்சரைத் தந்த பெட்டிகளில் இந்த வறண்ட சீமையின் வாக்குப் பெட்டியும் ஒன்று என்பதை நினைவூட்டுகிறேன். வாக்குச் சீட்டின் வலிமையை இவ்வூருக்கு எவர் கற்றுத்தர வேண்டும்?

அது பழைய கதை என்பீர்களானால், அண்மைக்கு வருகிறேன். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் 1937-இல் பிறந்தவர் தந்தை ஸ்டான் சுவாமி. இயேசு சபைத் துறவி. சார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்தவர். காடும் நிலமும் அவர்களுக்கே உரியன என்று வாதாடியவர். விசாரணையின்றிச் சிறையில் வாடும் ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர். 2020 அக்டோபர் 8-இல், 83-ஆம் வயதில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர் கைதானார். மாவோயிஸ்டுத் தொடர்பு என்றது குற்றச்சாட்டு. இல்லவே இல்லை என்று மறுத்தார் அவர். நடுக்குவாதம் பிடித்த கையால் குவளையைத் தூக்க முடியவில்லை. உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது! தாகத்தின் கொடுமையை அறிந்த இந்தச் சீமையாருக்கு இதை இன்னும் விரித்துரைக்க வேண்டுமா? பிணை கிட்டவில்லை. 2021 சூலை 5-இல், பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை மருத்துவமனையில் உயிர் நீத்தார். வழக்கு விசாரணை தொடங்கவேயில்லை. அவருடைய கணிப்பொறியில் பிறர் புகுந்து கோப்புகளை வைத்திருந்தனர் என்று அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. நாபோத்தின் கதை எத்தனை பழையது, எத்தனை புதியது என்று பாருங்கள்!

அவர் இறந்தபோது கோயில்களில் மெழுகுவத்தி ஏற்றினோம். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் துறவி என்பதற்காக ஏற்றினோமா? அவர் எவர்களுக்காகச் சிறை சென்றாரோ, அந்தப் பெயர் தெரியாத ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் ஏற்றினோமா? முன்னது இனப்பற்று, பின்னதே நம்பிக்கை.

இந்த வேறுபாட்டைச் செருமனி நாடு கற்பித்திருக்கிறது. இட்லர் ஆட்சியில் திருச்சபையையும் தன் கைக்குள் கொண்டுவர நாசிகள் முயன்றபோது, 1934 மே திங்களில் பார்மன் நகரில் கூடிய சபையார், எங்கள் தலைவர் கிறிஸ்துவே, வேறொருவருக்கும் அந்த இடம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டனர். துணிவான செயல்! ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தம் பீடத்தைக் காத்தனர். பக்கத்து வீட்டானை மறந்தனர். அதற்கு ஓராண்டு முன்பே, 1933-இல், பான்ஹோபர் என்ற இளம் போதகர், அரசின் சக்கரத்தில் நசுங்குவோர் எந்த மதத்தினராயினும் திருச்சபை அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற கருத்தை எழுதியிருந்தார். கேட்டவர் சிலரே. அவர் 1945 ஏப்பிரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார். பார்மன் அறிக்கையைவிடப் பான்ஹோபரின் தனிக்குரல் ஓரடி முன்னே சென்றது. அந்த ஓரடிதான் தன்னலத்துக்கும் அறத்துக்கும் உள்ள தொலைவு.

அத்தனை தூரம் போவானேன்? கடலுக்கு அப்பால், நம் சொந்தபந்தங்கள் போய்ச் சேர்ந்த இலங்கையைப் பாருங்கள். பஞ்சம் பிழைக்க இராமநாதபுரம் சீமையிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் போன மக்கள் அங்கே தேயிலையையும் இரப்பரையும் வளர்த்தனர். 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களைப் பெற்றது. வென்றதே குற்றமாயிற்று! 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றோராயினர். அடுத்து 1952-இல் நடந்த தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை, பட்டியலில் பெயர் நீக்கப்பட்டது. அவ்வளவே!

அப்போது யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை உறுப்பினராயிருந்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் கிறித்தவர். மலையகத் தொழிலாளர் அவருக்கு வாக்களித்தவர்களல்லர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் மதத்தினருமல்லர். அவருடைய கட்சித் தலைமையோ அரசில் அமைச்சர் பதவி பெற்றிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. அவர் எதிர்த்தார், பிரிந்தார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று அவர்கள்மீது விழுந்த அடி நாளை நம்மீது விழும் என்று எச்சரித்தார். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, அடி விழுந்தது. மலையகத்தில் நாடற்றிருந்தோர்க்கு முழுக் குடியுரிமை அளிக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. அதற்குள் 1964 உடன்படிக்கையின்படி பல இலட்சம் பேர் தாம் பார்த்தறியாத பாட்டன் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஓரத்தில் கசிந்த வளையை அன்றே அடைத்திருந்தால், இத்தனை வெள்ளம் ஏன்?

கிறித்தவனுடைய அரசியல் பொறுப்பு எது என்று எவரேனும் கேட்டால், நான் செல்வநாயகத்தின் அந்த முடிவைக் காட்டுவேன். தனக்கு வாக்களிக்காதவனின் வாக்குக்காகப் போராடுவதே அது.

நம் நாட்டிலும் இதற்கு மரபு உண்டு. சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1930-இல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவர்; கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாம் என்ற கொள்கையுடையவர். அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராயிருந்தவர் எச். சி. முகர்ஜி, அவரும் கிறித்தவரே. 1949-இல் மதச் சிறுபான்மையினர்க்கான ஒதுக்கீட்டு இடங்கள் கைவிடப்பட்டபோது அதற்கு முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். எங்களுக்குத் தனி மடை வேண்டாம், ஊர்க்கண்மாயே போதும் என்று சொன்ன சமுதாயம் இது. அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகள், கண்மாய்க்கரை உடையும்போது, "கரை வேலை எங்களுடையதன்று" என்று ஒதுங்க முடியுமா?

இந்தச் சீமையில் வேதக்காரர் எண்ணிக்கையில் சிலரே. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனார் திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலையிலும் நிலையம் அமைத்தனர். அவர்களுடைய பள்ளிகளில் எல்லார் பிள்ளைகளும் படித்தனர். திருச்சுழியில் 1879-இல் பிறந்து உலகம் வணங்கும் இரமண மகரிசியான வேங்கடராமன், இளமையில் படித்ததும் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில்தான். அந்த மிஷனாரின் சபை மரபு எத்தகையது? மேலிருந்து ஆயர் ஆணையிடும் மரபன்று. சபையார் கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, மதுரை இராமநாதபுரம் பேராயத்துக்கு லெஸ்லி நியூபிகின் முதற் பேராயராக வந்த பின்னரே இப்பகுதிச் சபைகள் பேராயர் ஆட்சியைக் கண்டன. கூடிப் பேசுதல் நமக்குப் பழக்கமான காரியம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பெருமை பேசியாயிற்று. இனிக் கசப்பானதையும் பேசவேண்டும். மக்களாட்சிக்கு ஆபத்து தில்லியிலிருந்து மட்டும் வருவதில்லை. நம் தெருவிலிருந்தும் வருகிறது.

1996-இல் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகளுக்கு மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்தாண்டுக் காலம் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆளில்லை. போட்டவர் வென்றாலும் உடனே விலக வைக்கப்பட்டார். 2006-இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தனர். மேலூருக்கு அருகே மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். அங்கே நெருக்கடி நிலையை எந்தக் குடியரசுத் தலைவரும் பிரகடனம் செய்யவில்லை. ஊர் பிரகடனம் செய்தது. சாதி முத்திரை இட்டது. பெரியவர்கள் மௌனம் காத்தனர்.

அந்தப் பத்தாண்டில் சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் எத்தனை பிரசங்கங்கள் நடந்திருக்கும்! எத்தனை கட்சிக் கூட்டங்கள் நடந்திருக்கும்! நல்ல சமாரியன் கதையைப் படித்தவர்கள் எத்தனை பேர் அந்த வழியே போயிருப்பார்கள்! சமத்துவம் பேசிய தோழர்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள்! குற்றம் சுமத்தக் கேட்கவில்லை. கணக்குப் பார்க்கக் கேட்கிறேன்.

சபைக்குள்ளும் கணக்கு உண்டு. கல்லறைக்கு நடுவே சுவர் எழுப்பிய இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வராது என்ற வழக்கு உண்டு. ஒரே அப்பத்தைப் பிட்டு உண்போர் ஒரே மண்ணில் புதைபடக் கூடாதாம்! இதை வைத்துக்கொண்டு, நாட்டில் சமத்துவம் அழிகிறது என்று நாம் முழங்கினால் எவர் நம்புவர்? வெளியே வாக்குரிமை கேட்கும் சபை, உள்ளே தன் நிருவாகக் குழுவில் ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் சமநிலை தந்துவிட்டுக் கேட்கட்டும். அப்போது அதன் சொல்லுக்கு எடை இருக்கும்.

அரசும் ஓர் அநீதியைச் செய்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் வெளியே நிறுத்தப்பட்டனர். மதம் மாறினான், தெரு மாறவில்லை, கிணறு மாறவில்லை, வசவு மாறவில்லை, உரிமை மட்டும் போயிற்று! 2023 ஏப்பிரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்ற வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. இதைக் கிறித்தவர் பிரச்சினை என்று மற்றவர் ஒதுக்கலாகாது. ஒருவன் மனச்சாட்சியின்படி வழிபட்டால் அவன் உரிமை பறிபோகும் என்றால், அது எல்லாருடைய மனச்சாட்சிக்கும் இட்ட விலை.

தோழர்களே! உங்களுக்கும் சில சொற்கள். தேர்தல் வந்தால் பேராயர் மாளிகைக்கும் பங்குத் தந்தை இல்லத்துக்கும் படையெடுக்கிற பழக்கம் எல்லாக் கொடிகளுக்கும் இருக்கிறது. வேதக்காரர் வாக்கு மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, ஒரு கையொப்பத்தில் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அது. அந்த எண்ணம் கரையில் விழும் வளை. வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வளை, வாங்குவதும் வளை. தன் கட்சி ஆட்சியில் நடந்தால் நிருவாகம், பிறர் ஆட்சியில் நடந்தால் அடக்குமுறை என்று இருநாக்குப் பேசுவதும் வளையே. எலியா அரசனைக் கண்டித்தது அவன் மாற்றுக் கட்சிக்காரன் என்பதால் அன்று.

கடவுளை ஏற்காத தோழர் கேட்கலாம்: "எனக்கும் உங்கள் விவிலியத்துக்கும் என்ன?" ஒன்றும் வேண்டாம் ஐயா! நீங்கள் பகுத்தறிவால் வந்து சேருங்கள். நாங்கள் பக்தியால் வந்து சேருகிறோம். சேரும் இடம் நாபோத்தின் தோட்டத்து வேலியாக இருந்தால் போதும். குடிமராமத்தில் மண்வெட்டிக்கு மதமில்லை என்று முன்பே சொன்னேன்.

என்ன செய்ய வேண்டும்? பெரிய செயல்கள் அல்ல. முதலாவது, வாக்காளர் பட்டியல். இச்சீமையில் மழை பொய்த்தால் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகிறவர்கள் ஏராளம். வீட்டைப் பூட்டிப் போனவன் பெயர் பட்டியலில் நிற்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். ஏழு இலட்சம் பேரின் கதையைக் கேட்ட நாம் இதைச் சிறிய வேலை என்று நினைக்க மாட்டோம். பட்டியல் திருத்தம் நடக்கும் நாட்களில் ஒவ்வொரு கோயிலிலும் ஆராதனை முடிந்ததும் அரைமணி நேரம் மேசை போட்டு உட்காருங்கள். வேதக்காரர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். தெரு முழுவதையும் பாருங்கள்.

இரண்டாவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. அங்கே கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு கலைக்க விடாதீர்கள். கண்மாய் ஏலமா, சாலையா, குடிநீரா, கணக்கைக் கேளுங்கள்.

மூன்றாவது, சிறைக்கதவு. விசாரணையின்றி அடைபட்டவன் எக்கட்சியினனாயினும், எம்மதத்தினனாயினும், அவனுக்கு வழக்கறிஞர் வேண்டும்; அவன் வீட்டுக்கு அரிசி வேண்டும். சிறையிலிருப்பவனைப் பார்த்தாயா என்று இறுதி நாளில் கேட்கப்படும் என்பது எங்கள் நம்பிக்கை. என்ன குற்றத்துக்காகச் சிறையிலிருந்தான் என்ற கேள்வி அங்கே இல்லை.

நான்காவது, ஒதுக்கீட்டு ஊராட்சி. ஆதிதிராவிடரோ பெண்ணோ தலைவராக இருக்கும் ஊரில், நாற்காலியில் அவரே அமர்கிறாரா, கொடியை அவரே ஏற்றுகிறாரா என்று போய்ப் பாருங்கள். இல்லையெனில் அவர் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் நின்றாலும் போதும். நாபோத்தின் ஊரில் அந்த ஒருவர்தான் இல்லாமற் போனார்.

அச்சம் இருக்கும். அடங்கியிருந்தால் பள்ளிக்கு அனுமதி கிடைக்கும், பேசினால் பறிபோகும் என்ற கணக்கு பலர் உள்ளத்தில் ஓடுகிறது. அறிவேன். ஆனால் நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களும் அந்தக் கணக்குத்தான் போட்டிருப்பார்கள். அவர்கள் பெயர்கூட வரலாற்றில் இல்லை. தோட்டம் கொடுக்க மறுத்த குடியானவன் பெயர் இருக்கிறது.

மாரிக்காலம் எந்த இரவில் வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே, கரையில் கசிவு கண்டவர் குரல் கொடுங்கள். குரல் கேட்டவர் மண்வெட்டியோடு வாருங்கள். இதுவே என் வேண்டுகோள்.